பேக்கேஜ் டெண்டர்: ஒதுக்கீட்டைத் தொடாமலேயே ஒழிக்கும் வழி

எங்கள் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. வட ஆர்க்காட்டிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக மண்ணுக்கடியில் உழைத்த தலித் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. அண்ணன் கொத்தனார் வேலைக்குப் போனார், பிறகு மேஸ்திரி ஆனார். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக யார் யாருடைய பெயரிலோ சாலையும் கால்வாயும் போட்ட பிறகு, சொந்தப் பெயரில் ஒப்பந்ததாரர் லைசென்ஸ் எடுத்தார்.

லைசென்ஸ் எடுத்ததும் வேலை வந்துவிடவில்லை. டெண்டர் பெட்டி மின்னணு வடிவத்துக்கு மாறினாலும், யாருக்கு எந்த வேலை என்பது வேறு எங்கோ முடிவாகிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கதவை ஓரளவு திறந்தது ஒரு சட்டம். கர்நாடகப் பொதுக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில் கொண்டுவந்த 2016ஆம் ஆண்டுத் திருத்தம், 50 லட்சம் ரூபாய் வரையிலான அரசுக் கட்டுமான வேலைகளில் 17.15 சதவீதத்தைப் பட்டியல் சாதியினருக்கும் 6.95 சதவீதத்தைப் பழங்குடியினருக்கும் ஒதுக்கியது. இது இலவசம் அல்ல. ஒதுக்கிய வேலைக்கும் பட்டியல் சாதி ஒப்பந்ததாரர்கள் தங்களுக்குள் விலை கேட்டுப் போட்டியிட வேண்டும். அண்ணன் அப்படிப் போட்டியிட்டு இரண்டு வேலைகள் எடுத்தார். ஒன்று சிமென்ட் சாலை, மற்றொன்று அங்கன்வாடிக் கட்டடம். தன் பெயர் பொறித்த வேலைப் பலகையின் பக்கத்தில் நின்று அவர் எடுத்துக்கொண்ட படம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

அடுத்த ஆண்டு அதே வட்டாரத்தில் பன்னிரண்டு கிராமங்களுக்குக் கழிவுநீர்க் கால்வாய் கட்டத் திட்டம் வந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 45 லட்சம். சட்டப்படிக் கணக்குப் போட்டால் அவற்றில் இரண்டு பட்டியல் சாதியினருக்கு வந்திருக்க வேண்டும், ஒன்று பழங்குடியினருக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் டெண்டர் வெளியானபோது அங்கே பன்னிரண்டு வேலைகள் இல்லை, ஒன்றுதான் இருந்தது. பன்னிரண்டையும் சேர்த்து 5 கோடியே 40 லட்சத்துக்கு ஒரே 'பேக்கேஜ்'. 50 லட்சம் வரம்பைத் தாண்டிவிட்டதால் ஒதுக்கீடு பொருந்தாது. அலுவலகத்தில் போய்க் கேட்ட அண்ணனுக்குக் கிடைத்த பதில்: "சட்டத்தை யாரும் மீறலையே!"

உண்மைதான், யாரும் மீறவில்லை. ஒதுக்கீட்டை எதிர்த்து வழக்கும் போராட்டமும் தேவைப்படவில்லை. சதவீதம் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருந்தது. எதில் சதவீதம் கணக்கிட வேண்டுமோ அதைத்தான் காணாமல் ஆக்கியிருந்தார்கள்.

ஒதுக்கீடு போனால் என்ன, பொதுப் போட்டியில் கலந்துகொள்ளலாமே என்பார்கள். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002இல் வகுத்த தகுதி அளவுகோலை எடுத்துக்கொள்வோம். முந்தைய ஏழு ஆண்டுகளில் டெண்டர் மதிப்பில் 80 சதவீத அளவுக்கு ஒத்த வேலை ஒன்றையாவது, இல்லையென்றால் 40 சதவீத அளவுக்கு மூன்றையாவது முடித்திருக்க வேண்டும் என்பது அதில் உள்ள வழிகளில் அடங்கும். 45 லட்ச ரூபாய் கால்வாய் என்றால் 18 லட்சத்தில் மூன்று வேலை காட்டினால் போதும். 5.40 கோடி பேக்கேஜ் என்றால் 2 கோடியே 16 லட்சத்தில் மூன்று வேலை, அல்லது 4 கோடியே 32 லட்சத்தில் ஒன்று காட்ட வேண்டும். முன்வைப்புத் தொகை 2 சதவீதம் என்று வைத்தாலும் 90 ஆயிரமாக இருந்தது 10 லட்சத்து 80 ஆயிரமாகிறது. 50 லட்சம் வரையிலான வேலைகளில் மட்டும் நுழைய முடிந்த ஒருவர், எத்தனை ஆண்டு உழைத்தாலும் இந்தப் படியில் ஏற முடியாது. வங்கி மேலாளரைத் தெரிந்த மாமனும், அடமானம் வைக்க நிலமும், மூன்று தலைமுறைக் கணக்குப் புத்தகமும் உள்ள சாதிகளுக்குத்தான் இந்தப் படி எட்டும்.

பேக்கேஜை எடுத்தவர் பெரிய ஒப்பந்ததாரர். அவர் பன்னிரண்டு ஊருக்கும் போகவில்லை. நான்கு ஊர்க் கால்வாய்களை அண்ணனுக்கே சப் கான்ட்ராக்டாகக் கொடுத்தார், தன் பங்கைக் கழித்துக்கொண்டு. மணலும் கம்பியும் ஆளும் அண்ணனுடையவை. வேலை முடிந்ததும் அனுபவச் சான்று பெரியவர் பெயரில் வந்தது. அடுத்த டெண்டருக்கு அவருடைய தகுதி ஏறியது, அண்ணனுடைய தகுதி இருந்த இடத்திலேயே நின்றது. உழைப்பு ஒருவனுடையது, பெயர் இன்னொருவனுடையது என்பது நமக்குப் புதிதா? சாக்கடையில் இறங்கி அள்ள நம் ஆட்களைத் தவிர வேறு யாரையும் இந்தச் சமூகம் தேடுவதில்லை. அந்தச் சாக்கடையைக் கட்டும் ஒப்பந்தம் என்று வரும்போது 17.15 சதவீதம்கூட அதிகமாகிவிடுகிறது.

ஒப்பந்ததாரர்களின் பிரச்சினை சாதி ஒழிப்பு இயக்கத்துக்கு எதற்கு என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். பாபாசாகேப் அம்பேத்கர் 1942இல் வைசிராயிடம் அளித்த பட்டியல் சாதியினரின் குறைகள் பற்றிய மனுவில் அரசு ஒப்பந்தங்களைப் பற்றியும் எழுதினார். மத்தியப் பொதுப்பணித் துறையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்ததாரர்களில் பட்டியல் சாதியினர் ஒரே ஒருவர் என்பதைச் சுட்டிக்காட்டினார். அரசு வேலையில் பங்கு கேட்ட அதே மனுவில் அரசின் செலவிலும் பங்கு கேட்டார். முதல் கோரிக்கையை நாம் விடவில்லை. இரண்டாவதைப் பற்றிப் பேசுவதே குறைவு.

மத்திய அரசின் நிலையும் இதுதான். சிறு, குறு நிறுவனங்களுக்கான 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கை, இப்போது ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தை அவற்றிடமிருந்து வாங்கச் சொல்கிறது. அதில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு. ஆனால் அது பொருளுக்கும் சேவைக்கும் மட்டும்தான். கட்டுமான ஒப்பந்தங்கள் அதற்குள் வருவதில்லை.

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். மேலதிகாரியின் ஒப்புதலைத் தவிர்ப்பதற்காக ஒரு கொள்முதலைத் துண்டு துண்டாகப் பிரிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின் 157ஆம் விதி தடுக்கிறது. அதிகாரத்தின் படிநிலையைக் காக்கப் 'பிரிக்காதே' என்று விதி இருக்கிறது. ஒதுக்கீட்டைக் காக்கச் 'சேர்க்காதே' என்று ஒரு விதியைக் காணோம்.

அப்படி ஒரு விதியை எழுதவே முடியாது என்பதற்கில்லை. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டம் இதைச் செய்திருக்கிறது. 20 லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தங்களை ஒன்றாகச் சேர்க்க வேண்டுமானால், அந்தத் துறை முதலில் சந்தையை ஆராய வேண்டும். சேர்க்காமல் செய்யும் மாற்று வழிகளைக் காட்ட வேண்டும். சிறுதொழில்களுக்கு என்ன பாதிப்பு என்று குறிப்பிட வேண்டும். சேர்ப்பதன் நன்மை மாற்று வழிகளைவிடக் கணிசமாக அதிகம் என்று உயர் கொள்முதல் அதிகாரி எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். அலுவலக வேலை கொஞ்சம் மிச்சம் என்பது மட்டும் காரணமாகாது. வெவ்வேறு இடங்களில் நடக்கும் கட்டுமானங்களைச் சேர்ப்பதற்கும் இது பொருந்தும், அதாவது நம் பன்னிரண்டு ஊர்க் கால்வாய்களைப் போன்றவற்றுக்கு. அங்கும் அதிகாரிகள் ஓட்டை தேடத்தான் செய்வார்கள். ஆனால் அங்கே காரணத்தை எழுத வேண்டியது சேர்ப்பவரின் பொறுப்பு. இங்கே பாதிக்கப்பட்டவன் அலுவலகம் அலுவலகமாக ஏறிக் காரணம் கேட்க வேண்டியிருக்கிறது.

எல்லா வேலையையும் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சுத்திகரிப்பு நிலையமும் குழாயும் மேல்நிலைத் தொட்டியும் சேர்ந்த ஒரு குடிநீர்த் திட்டம் ஒரே கையில் இருப்பது நியாயம். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத பன்னிரண்டு ஊர்க் கால்வாய்களில் என்ன நியாயம்? தரம் என்கிறார்கள். அந்தக் கால்வாய்களைக் கட்டியது கடைசியில் அண்ணன்தானே! ஒதுக்கீட்டு வேலைகளைப் பினாமியாக வளைத்துப்போடும் ஆதிக்க சாதியினரும், அதற்குப் பெயர் கொடுக்கும் நம்மவர்களும் உண்டு. அதைக் கண்டித்தே ஆக வேண்டும். ஆனால் பினாமிக்கு மருந்து கண்காணிப்பு.

கர்நாடகம் 2023இல் வரம்பை 1 கோடியாக உயர்த்தியது. 2025இல் அதை 2 கோடியாக்கவும், இஸ்லாமியரை உள்ளடக்கிய 2பி பிரிவைச் சேர்க்கவும் மசோதா நிறைவேறியது. ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். நாடு முழுக்க மதத்தை வைத்துச் சண்டை நடந்தது. பேக்கேஜைப் பற்றிப் பேசியவர்கள் எத்தனை பேர்? 2 கோடி என்று உயர்த்தினாலும் 5.40 கோடி பேக்கேஜ் அதற்கு வெளியேதான் நிற்கும்.

ஆகவே வரம்பை உயர்த்துவது மட்டும் போதாது. தனித்தனி இடங்களில் நடக்கும் வேலைகளைச் சேர்த்தால், காரணத்தை எழுத்தில் பதிந்து டெண்டரோடு வெளியிட வேண்டும். சேர்த்தாலும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு வேலையையும் தனியாக எண்ணித்தான் ஒதுக்கீட்டைக் கணக்கிட வேண்டும். சப் கான்ட்ராக்டில் உழைத்தவருக்கு அவர் பெயரிலேயே அனுபவச் சான்று தர வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் எத்தனை வேலைகள் பேக்கேஜுக்குள் போயின என்ற பட்டியலைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். இவற்றுக்கு அரசுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் நிதி ஒதுக்கத் தேவையில்லை.

அண்ணன் இன்னும் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறார். போன மாதம் அந்தக் கால்வாய்களில் ஒன்றின் வழியாக என்னை அழைத்துப் போனார். கரையில் ஒரு பலகை இருந்தது. அதில் வேறொருவர் பெயர் இருந்தது.