முழுசாகக் காப்பியடியுங்கள்

செயலிகளுக்குத் திரை வடிவமைக்கக் கற்றுத்தரும் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தினமும் போய்வந்தேன். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸில்தான். இந்தத் தடத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு நாள் வகுப்பும் எனக்குக் கணக்கு.

மூன்றாவது வாரம் பயிற்றுநர் என் கட்டம் போட்ட நோட்டைப் புரட்டினார். “ஏம்மா, இது கோல நோட்டா, டிசைன் நோட்டா?” வகுப்பு சிரித்தது. “யாரோ போட்டதைப் பார்த்து அப்படியே போட்டிருக்கே. இது காப்பி. டிசைன்னா சொந்தமா வரணும்.”

அதே நாள், ஒரு வெளிநாட்டு வடிவமைப்பாளரின் வெள்ளைத் திரையை அச்சு மாறாமல் செய்து வந்திருந்த பையனைப் பார்த்து, “நல்ல இன்ஸ்பிரேஷன்” என்றார். அவன் செய்தால் தூண்டுதல், நான் செய்தால் காப்பி. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருப்பதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

2007இல் வந்த முதல் ஐபோனின் கால்குலேட்டரைப் பாருங்கள். ப்ரான் நிறுவனத்துக்காக டீட்டர் ராம்ஸும் டீட்ரிச் லூப்ஸும் வடிவமைத்த 1987ஆம் ஆண்டுக் கால்குலேட்டரின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது. உலகம் அதை ஒரு மேதைக்கு இன்னொரு மேதை செலுத்திய மரியாதை என்று கொண்டாடியது. நானும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. பார்த்துச் செய்வது கற்றுக்கொள்ளும் வழி. அந்த வழியில் யார் நடந்தால் மரியாதை, யார் நடந்தால் திருட்டு என்பதுதான் என் கேள்வி.

எங்கள் தெருவில் கோலம் அப்படித்தான் பரவியது. மார்கழியில் கடைக்குப் போகிற பெண் எதிர்வீட்டு வாசலில் நின்று புள்ளியை எண்ணுவாள். வீட்டுக்கு வந்து நோட்டில் போட்டுப் பார்ப்பாள். கோடு எங்கே திரும்புகிறது என்று பிடிபடாவிட்டால் மறுபடியும் போய்ப் பார்ப்பாள். நான்கு நாளில் அதே கோலத்தை இரண்டு புள்ளி கூட்டித் தன் வாசலுக்கு ஏற்றபடி மாற்றியிருப்பாள். இதற்கு யாரும் அவளுக்குச் சான்றிதழ் கொடுத்ததில்லை. ஆனால் தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில், கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் இந்தக் கோலங்களைக் கணினி அறிவியலாக எடுத்துக்கொண்டார்கள். புள்ளிகளும் கோடுகளும் எந்த விதிப்படி உருவாகின்றன என்பதைப் பட இலக்கணமாக எழுதி, 1974இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். விழுப்புரத்தில் ரயிலேறினால் தாம்பரம் வழியில்தான் வருகிறது. எங்கள் வகுப்பில் ஒருவரும் அவர்கள் பெயரைச் சொன்னதில்லை.

என் நோட்டில் இருந்தவை சூசன் கேர் வரைந்த படங்கள். 1984இல் வெளிவந்த முதல் மேக்கின்டாஷ் கணினிக்காக அவர் வரைந்த குப்பைத்தொட்டி, கைக்கடிகாரம், வெடிகுண்டு, சிரிக்கும் கணினி. கலையில் முனைவர் பட்டம் பெற்றவர். கணினியில் வரைந்து பழக்கமில்லாதவர். கட்டம் போட்ட தாளை வாங்கிவந்து, ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி என்று நிரப்பினார். எம்பிராய்டரியும் மொசைக்கும் இதே வேலைதான் என்று பின்னாளில் சொன்னார். அந்தத் தாள்கள் இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. என் அம்மாவின் கோல நோட்டு பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது.

பக்கவாட்டில் முப்பத்திரண்டு, மேலிருந்து கீழே முப்பத்திரண்டு: மொத்தம் 1,024 கட்டம், கறுப்பு வெள்ளை மட்டும். பார்த்துப் போடும்போதுதான் தெரிந்தது, ஒரு புள்ளி தள்ளிப்போனாலும் வெடிகுண்டு வெடிகுண்டாக இருக்காது. குறைவாகப் போடுவதென்றால் என்ன என்பதை எந்த வகுப்பும் எனக்கு இப்படிச் சொல்லித்தரவில்லை. பிறகு அந்தக் கணினியின் முழுத் திரையையும் வரைய உட்கார்ந்தேன். அதுவரை கண்ணில் படாத ஒன்று அப்போது பட்டது. திரையில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயர் இருந்தது. மேலே பட்டியலில் சொற்கள் இருந்தன. அதுவரை கணினியைத் தொடாதவர்களுக்காகச் செய்த திரை அது. படத்தைச் சேர்த்தார்கள், சொல்லை எடுக்கவில்லை.

நாற்பது ஆண்டுகளாக அதைப் பார்த்துச் செய்தவர்கள், எளிமை என்ற பெயரில் அந்தச் சொல்லைத்தான் எடுத்தார்கள். மூன்று கோடு, மூன்று புள்ளி, ஒரு பல்சக்கரம். மூன்று கோடு 1981இல் நார்ம் காக்ஸ் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக வரைந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று முன்பே தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது எளிமை.

என் அம்மா தினமும் செய்தித்தாள் படிப்பவர். பணம் அனுப்பும் செயலியைத் திறந்தால் அவருக்குப் படிக்க எதுவுமில்லை. “இது எங்கடா போவுது?” என்று போனைத் தம்பியிடம் நீட்டுகிறார். போனோடு பின் நம்பரும் போகிறது. 2023 செப்டம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை அம்மாவின் பெயரில் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அவர் கைக்கு நேராக வரட்டும் என்றுதான் அப்படி வைத்தார்கள். கணக்கில் எவ்வளவு மிச்சம் என்பது அவருக்கு முன்னால் வீட்டு ஆண்களுக்குத் தெரிந்துவிடுகிறது. திரை சுத்தமாக இருக்கிறது. கூடம் சுத்தமாக இருப்பதற்குப் பின்னால் யாரோ ஒருத்தி குனிந்து பெருக்கியிருப்பதைப் போல, இந்தச் சுத்தத்துக்கும் ஒருத்தி விலை கொடுத்திருக்கிறாள்.

“தமிழ்ச் சொல் நீளம், இடம் கொள்ளாது” என்கிறார்கள். இடத்தைப் பெரிதாக்குங்கள், அதற்குத்தானே வடிவமைப்பாளர்? “எத்தனை நாள் அடுத்தவரைப் பார்த்துப் போடுவது?” என்கிறார்கள். ஏன் அப்படிப் போட்டார்கள் என்று தெரிகிறவரை. ஏன் என்று கேட்காமல் பாதியைப் பார்த்து, வெறுமையை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் காப்பி.

கடைசித் தேர்வுக்குப் பணம் அனுப்பும் திரையொன்று செய்தேன். நான்கு படம், ஒவ்வொன்றின் கீழும் தமிழ்ச் சொல். ‘எழுத்து அதிகம்’ என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அதை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். ‘மீதி பார்க்க’ என்ற இடத்தில் விரலை வைத்து, தம்பி இருக்கும் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: “இது நெஜமாவே போன்ல வருமா?”

இன்னும் வரவில்லை. வடிவமைப்பு படிக்கப் போகும் பெண்களே, கோல நோட்டை ஒளித்துவைக்காதீர்கள். அதில் பிடித்தவர்களைப் பார்த்துப் போடுங்கள், படத்துக்குக் கீழே இருக்கும் சொல்லையும் சேர்த்து.