போலீஸ் எழுதும் வாக்குமூலம் சாட்சியமா?

பூந்தமல்லி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது தடா கோர்ட்டுதான். 1998 ஜனவரி 28 அன்று, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தன் முன் நிறுத்தப்பட்ட 26 பேருக்கும் அந்தக் கோர்ட் தூக்குத் தண்டனை விதித்தது. ஒருவர் பாக்கியில்லை! விசாரணை முழுவதும் மூடிய கதவுக்குள் நடந்தது.

கொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு மாண்டவர்களில் பந்தோபஸ்துக்கு நின்ற சாதாரணப் போலீஸ்காரர்களும் உண்டு. தனிநபர் பயங்கரவாதம் மக்கள் இயக்கத்துக்குப் பகையானது என்பதே நமது கட்சியின் நிலை. நாம் கேட்பது வேறு. 26 தூக்குக் கயிறுகளும் எதைக் கொண்டு திரிக்கப்பட்டன?

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகாது என்பதை வெள்ளைக்காரன் செய்த சாட்சியச் சட்டமே ஒப்புக்கொண்டது. லாக்கப்பில் என்ன நடக்கும் என்பது அவனுக்கும் தெரியும். சுதந்திர இந்தியாவின் தடாச் சட்டம், அதன் 15வது பிரிவால், அந்தப் பாதுகாப்பைப் பறித்தது. சூப்பிரண்டு பதவியிலுள்ள போலீஸ் அதிகாரி எழுதி வாங்கினால் போதும். 1994-ல் கர்த்தார் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் மூவர் இது செல்லும் என்றனர். இருவர் செல்லாது என்றனர். அந்த ஒரு தலை வித்தியாசத்தில் எத்தனை உயிர்கள் தொங்கின!

1999 மே 11-ல் சுப்ரீம் கோர்ட் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள். தடாக் குற்றம் நிரூபணமாகவில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லுமாம்! மரம் விழுந்தது, நிழல் நிற்கிறது என்பது போன்ற வாதம் இது. சட்டம் படித்தவர்கள் இதற்குச் சமாதானம் சொல்லலாம். நமக்கு விளங்கவில்லை.

தூக்கு உறுதியான நால்வரில் பேரறிவாளன் ஒருவர். கைதானபோது வயது 19. இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. எதற்காக வாங்குகிறேன் என்று எனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே 2013-ல் ஒப்புக்கொண்டார். விடுபட்டது ஒரு வாக்கியம். அதற்கு விலை 31 ஆண்டுச் சிறை. 2014-ல் தூக்கு ஆயுளாகி, 2022 மே 18 அன்று அவர் விடுதலையாகும் வரை தாயார் அற்புதம்மாள் ஏறாத படியில்லை.

தடா 1995-ல் காலாவதியாயிற்று. ஆனால் 2002-ல் பொடா வந்தபோது அதே ஷரத்தும் கூடவே வந்தது. வைகோ மீதான பொடா வழக்கும் பூந்தமல்லிக்கே வந்து சேர்ந்தது. 2004-ல் பொடா ரத்தாயிற்று. எனினும் மகாராஷ்டிராவில் 1999 முதலும், குஜராத்தில் 2019 முதலும் அமலிலுள்ள விசேஷச் சட்டங்களில் அந்த ஷரத்து உயிரோடு இருக்கிறது.

1950-ல் ஏ.கே. கோபாலன் விசாரணையில்லாக் காவலை எதிர்த்துச் சென்னை ராஜ்ய சர்க்கார் மீது வழக்காடியபோது, கம்யூனிஸ்டுகளுக்குத்தானே இந்தச் சட்டம் என்று மற்றவர்கள் சும்மா இருந்தார்கள். பொடாவை ஆதரித்து நாடாளுமன்றத்தில் நின்ற கட்சிகளில் வைகோவின் கட்சியும் ஒன்று. அம்பத்தூரிலும் ஆவடியிலும் சங்கம் அமைக்கும் தொழிலாளி இதைத் தன் வழக்காக எண்ண வேண்டும். இரு மாநிலச் சட்டங்களிலிருந்தும் அந்த ஷரத்தை நீக்க வேண்டுமெனத் தொழிற்சங்க மேடைகளில் தீர்மானம் கொண்டுவரும்படி தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.