உதட்டுப் பிளவும் ‘இயற்கைப் பிரசவ’ப் புரட்டும்

2018ம் ஆண்டு ஜூலை மாதம் திருப்பூரில் ஓர் இளந்தாய் மாண்டாள். கொள்ளை நோய் எதுவும் அவளைக் கொண்டு போகவில்லை. யூட்யூப் படங்களைப் பார்த்து, வீட்டிலேயே பிரசவம் பார்த்துக் கொள்ளலாம் என்று நம்பினார்கள், அதன்படியே செய்தார்கள். குழந்தை பிழைத்தது. தாய்க்கு ரத்தம் பெருக்கெடுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றும் பயனில்லை.

அந்தத் துக்கம் ஆறுமுன்னே, அடுத்த மாதமே, வீட்டுப் பிரசவத்துக்குப் ‘பயிற்சி’ கொடுப்பதாக விளம்பரம் செய்த ஹீலர் பாஸ்கர் என்பவரைக் கோவையில் போலீசார் கைது செய்தார்கள். ஆண்டுகள் பல ஓடிவிட்டன. அந்தச் சரக்கின் விற்பனை மட்டும் நிற்கவில்லை. செல்போன் வழியே அது லைன் வீட்டுக்கும் வருகிறது. தோட்டத்துச் சாளைக்கும் வருகிறது.

எந்த வீட்டில் பயம் புகுந்திருக்கிறதோ, அந்த வீட்டில்தான் இந்தச் சரக்கு சுலபமாக விலை போகும். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் உதடு பிளந்திருப்பது தெரிகிறது என்று வைத்துக் கொள்வோம். அந்தக் குடும்பத்துக்கு ஊரார் என்ன சொல்கிறார்கள்? “கிரகணத்தன்னைக்கு வெளியே போயிருப்பா, கத்தியத் தொட்டிருப்பா” என்று பழி தாயின் தலையில் விழுகிறது. “ஆஸ்பத்திரிக்குப் போனா ஊரெல்லாம் தெரியும், வீட்டுலயே பெத்துக்கலாம்” என்று யோசனை பிறக்கிறது. “எங்க அமத்தா ஒம்பது பெத்தாளே, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனா?” என்று சாட்சியும் வந்துவிடுகிறது.

ஒன்பது பெற்ற அமத்தாவிடம் ஒன்று கேளுங்கள், தோழர்களே: பெற்றதில் எத்தனை மிஞ்சியது?

கிரகணத்தின் மேல் பழி

குழந்தையின் உதடு கர்ப்பத்தின் 4வது வாரத்திலிருந்து 7வது வாரத்துக்குள் உருவாகி முடிகிறது. மேலண்ணம் 9வது வாரத்துக்குள் மூடிவிடுகிறது. ஏழாம் மாதத்தில் வந்த கிரகணம், இரண்டாம் மாதமே உருவாகி முடிந்த உதட்டை எப்படிப் பிளக்கும்? 2019 டிசம்பர் 26ந் தேதி கோவை, ஈரோடு வானத்தில் சூரியன் வளையமாகத் தெரிந்தது. கிரகணக் கதை மெய்யானால், அடுத்த ஆண்டு கொங்கு நாடெங்கும் உதடு பிளந்த குழந்தைகளாகப் பிறந்திருக்க வேண்டுமே! பிறந்தனவா?

உலகெங்கும் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்றுக்கு உதட்டிலோ அண்ணத்திலோ பிளவு இருக்கிறது. பரம்பரைக் கூறு, போலிக் அமிலச் சத்துக் குறைவு, புகையிலைப் புகை, தாயின் சர்க்கரை நோய், வலிப்புக்குத் தரும் சில மருந்துகள் - இவையெல்லாம் காரணங்களில் சேரும். பல குழந்தைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. தாய் செய்த பாவம் என்று ஒன்று இந்தப் பட்டியலில் இல்லை. ‘மூளி’ என்று அழைக்கும் வாய்தான் பாவம் செய்கிறது.

வீட்டில் யார் பார்ப்பார்கள்?

‘உதடு பிளந்திருந்தால் பிரசவத்துக்கு என்ன தடை?’ என்று கேட்கிறார்கள். தடை இல்லை, மெய்தான். உதட்டுப் பிளவு பிரசவத்தைக் கடினமாக்குவதில்லை. ஆனால் குழந்தை வெளியே வந்த பிறகு என்ன செய்வீர்கள்?

உதட்டுப் பிளவு ஸ்கேனில் தெரியும். அண்ணத்தில் பிளவு இருந்தால் பல நேரம் தெரியாது. பிறந்தவுடன் வாயைத் திறந்து விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். உதடு மட்டும் பிளந்த குழந்தை பெரும்பாலும் தாய் மார்பிலேயே குடித்துவிடும். அண்ணமும் பிளந்திருந்தால் சப்பி இழுக்க முடியாது. பால் மூக்கு வழியே வரும், புரையேறும். சில குழந்தைகளுக்குத் தாடை சிறுத்து, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சே அடைபடும். நடுராத்திரி சாளையில் இதைக் கண்டறிபவர் யார்? செல்போனில் பேசிய ஆசாமியா ஓடி வருவான்?

தாயின் கதி என்ன? பிரசவத்தில் தாய்மாரைக் கொல்லும் காரணங்களில் ரத்தப் பெருக்கு முன்வரிசையில் நிற்கிறது. 2019-21ம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள். இருக்கும் ரத்தமே குறைவு. அதுவும் பெருகினால் தாங்குமா? ஊசி மருந்தும் ஏற்றுவதற்கு ரத்தமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

‘இங்கிலாந்தில் வீட்டில் பெறவில்லையா?’ என்கிறார்கள் படித்த கனவான்கள். அங்கே 1948ல் தொடங்கிய தேசிய சுகாதார சேவையிலிருந்து, தேர்ச்சி பெற்ற மருத்துவச்சி கருவிகளோடு வீட்டுக்கு வருகிறாள். ஆபத்தென்றால் ஆம்புலன்ஸ் வரும், ஆஸ்பத்திரி தயாராயிருக்கும். கனவான்களே, முதலில் அந்த ஏற்பாட்டை இங்கே கொண்டு வாருங்கள். பிறகு பேசுவோம்.

பயத்துக்கு யார் பொறுப்பு?

ஆனால் மூடநம்பிக்கையைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் அல்ல நாம். ஏழை ஜனங்கள் ஆஸ்பத்திரி என்றால் ஏன் பயப்படுகிறார்கள்? பிரசவ வார்டில் வலியில் கத்துகிற பெண்ணுக்கு வசவு விழுகிறது. ஆண் குழந்தைக்கு இவ்வளவு, பெண் குழந்தைக்கு இவ்வளவு என்று கை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தனியார் ஆஸ்பத்திரியின் பில்லைக் கேட்டாலே மயக்கம் வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலே கூலி போகிறது!

சட்டப் புத்தகத்தில் பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளத்தோடு லீவு என்று 2017லேயே எழுதியாகிவிட்டது. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு உழைக்கும் பெண்ணுக்கு, மில்லில் காண்ட்ராக்ட் கணக்கில் நிற்கும் பெண்ணுக்கு, மஞ்சள் காட்டில் களை எடுக்கும் பெண்ணுக்கு அந்த 26 வாரம் எங்கே? பேரேட்டில் பெயரே இல்லாதவளுக்கு எந்த முதலாளி லீவு கொடுப்பான்? பேறுகாலத்திலும் அவளை வேலைக்கு விரட்டுகிறவனுக்கும், ‘ஆஸ்பத்திரியே வேண்டாம்’ என்று போதிக்கிறவனுக்கும் பேச்சு வேறு, விளைவு ஒன்றே. செலவும் சாவும் ஏழை வீட்டோடு போய்விடுகின்றன.

இது தர்மம் அல்ல, உரிமை

சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு, வண்டி எல்லாம் இலவசம் என்று 2011ல் மத்திய சர்க்காரே திட்டம் அறிவித்தது. பிளவு உதடும் அண்ணப்பிளவும் உட்பட 30 குறைபாடுகளை, பிறப்பு முதல் 18 வயது வரை கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சை தர 2013ல் இன்னொரு திட்டம் வந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் பெறும் ஏழைத் தாய்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவி 2018ல் 18,000 ரூபாயாக ஆக்கப்பட்டது. இவை எந்தப் பிரபுவும் போட்ட பிச்சை அல்ல. உழைக்கும் மக்கள் கட்டிய வரிப் பணம். 1999ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஸ்மைல் டிரெயின்’ போன்ற தர்ம ஸ்தாபனங்களின் செலவிலும் ஏழைக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் நடக்கிறது. குணமாகும் குழந்தையைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆனால் தொழிலாளியின் பிள்ளை சிரிப்பதற்குத் தர்மவானின் மனமிரங்க வேண்டுமா?

உதட்டை 3 முதல் 6 மாதத்துக்குள் தைத்துச் சேர்க்கலாம். அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள் மூட வேண்டும். தள்ளிப்போட்டால் பேச்சு குழறும். ஆபரேஷனைத் தாங்கக் குழந்தைக்கு எடை ஏற வேண்டும். எடை ஏறப் பால் இறங்க வேண்டும். அதற்கு நம் வீட்டுப் பாலாடையே உதவும்: தாய்ப்பாலைப் பீய்ச்சி, குழந்தையின் தலையை உயர்த்திப் பிடித்து, சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். அந்தப் பக்குவத்தை நர்ஸ் பக்கத்திலிருந்து கற்றுத்தர வேண்டும்.

ஆகவே நாம் கோருகிறோம்: பிறந்த ஒவ்வொரு குழந்தையின் வாயையும் சோதித்து, பால் புகட்டும் முறையைக் கற்றுத்தராமல் எந்தத் தாயையும் வீட்டுக்கு அனுப்பாதே! ஆபரேஷனுக்குக் குழந்தையோடு வரும் தாய்க்கு வழிச்செலவும் இழந்த கூலியும் கொடு! ஜில்லா தோறும் பேச்சுப் பயிற்சியாளரை நியமி! காண்ட்ராக்ட், பீஸ் ரேட், விவசாயக் கூலிப் பெண்கள் அனைவருக்கும் பேறுகாலச் சம்பளம் கொடு! பிரசவ வார்டில் வசவையும் லஞ்சத்தையும் ஒழி! உயிரோடு விளையாடும் வீட்டுப் பிரசவ வியாபாரிகள் மேல் வழக்குப் போடு!

தொழிற்சங்கத் தோழர்களே, விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களே! கோரிக்கை எழுதுவதோடு நம் வேலை முடியவில்லை. உங்கள் லைனில், உங்கள் காலனியில் கர்ப்பிணி யார் என்று தெரிந்து வையுங்கள். அவள் பெயர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ரத்தம் கொடுக்க இருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். 108க்குப் போன் செய்யவும், கூடப் போகவும் ஆளை நியமியுங்கள். வயிற்றில் இருப்பது உதடு பிளந்த குழந்தை என்றால் இன்னும் நெருங்கி நில்லுங்கள். அந்தக் குழந்தையின் முகத்தை மறைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஊரறியப் பிறக்கட்டும், ஊரே கூடி வளர்க்கட்டும்!