காம்பேக்ட் கேமராவுக்குத் தனி வியூபைண்டர் வாங்கலாமா?

டிஜிட்டல் கேமரா வாங்கச் செல்பவர்கள் முதலில் கேட்பது மெகா பிக்ஸல் எத்தனை என்பது. அடுத்து, ஸூம் எத்தனை மடங்கு. வெயிலில் அதன் திரை தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. கடைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாத் திரைகளும் பளிச்சென்றுதான் இருக்கும். அதே கேமராவை அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில், பகல் 12 மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்கி நீட்டிப் பாருங்கள். கரிசல் காடும் சீமைக் கருவேலமும்தான். ஒதுங்க நிழல் இருக்காது. திரையில் உங்கள் சட்டை தெரியும்.

என் சித்தப்பாவுக்கு இதுதான் பிரச்சினை. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சுழி வட்டாரத்துக் கண்மாய்களின் மடைகளையும் கலுங்குகளையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைக்கிறார். பழைய மடைக் கல்லைப் பெயர்த்துவிட்டு சிமென்டில் கட்டிவிட்டால் பிறகு அதைப் பார்க்க முடியாது என்பது அவர் கவலை. "காலையிலோ சாயங்காலமோ எடுங்களேன் சித்தப்பா" என்றால், "மினி பஸ்ஸே பதினோரு மணிக்குத்தானடா கொண்டு போய் விடுது" என்கிறார். அவரிடம் இருப்பது 2013-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 2. அதன் தலையில் உள்ள ஷூவில் மாட்டும் எலக்ட்ரானிக் வியூபைண்டரை செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று என்னைக் கேட்டார். (ஊரில் கம்ப்யூட்டர் படித்தவன் என்றால் மிக்ஸி ரிப்பேர் வரை அவனிடம்தான் கேட்பார்கள்.)

அவருக்கு வியூபைண்டர் தேவை. ஆனால் தனியாக வாங்கி மாட்டும் வியூபைண்டர் வேண்டாம் என்பதே என் கருத்து.

திரை ஏன் தெரிவதில்லை என்று முதலில் பார்த்துவிடுவோம். நண்பகல் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். அதில் முழுதாக நனையும் வெள்ளைத் துணியின் பிரகாசம் ஏறத்தாழ 25,000 நிட்ஸ் வரும். கேமராத் திரை தருவதோ சில நூறு நிட்ஸ்தான். சாதாரணக் கண்ணாடி தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். 25,000-இல் 4 சதவீதம் 1,000. ஆக, எதிர் வெயில் விழுகிற உங்கள் வெள்ளைச் சட்டையின் பிம்பம், திரையில் உள்ள படத்தைவிடப் பிரகாசமாக இருக்கிறது. சோனி மெனுவில் திரை வெளிச்சத்துக்கு வெயில் நேரத்துக்கான தனி செட்டிங் உண்டு. அதை வைத்தால் ஓரளவு உதவும், பாட்டரி சீக்கிரம் தீரும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனால் அதைவிட அதிகம் உதவும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, முயன்று பாருங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் மட்டும் சட்டையை மாற்றிப் பயனில்லை. அப்போது திரையில் படிந்த கரிசல் தூசியும் கைரேகையும்தான் மின்னும்.

மார்க் 2-வின் திரையை மேல் நோக்கிச் சாய்க்கலாம். கேமராவை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, குனிந்து, தலைக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டால் நன்றாகவே தெரிகிறது. அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டது இதற்காகத்தான். என்னைப் போன்றவர்களுக்கு இதுவே போதும், செலவும் இல்லை.

சித்தப்பாவுக்குப் போதாது. காரணம் வெள்ளெழுத்து. திரையைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும், மடையைப் பார்க்கக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். துண்டுக்குள் இதையும் செய்ய முடியாது. எலக்ட்ரானிக் வியூபைண்டரில் உள்ள லென்ஸ், படத்தைச் சற்றுத் தூரத்தில் இருப்பது போலக் காட்டும். டயாப்டர் என்ற சிறு நெம்புகோலை நகர்த்தி, அவரவர் கண்ணுக்கு ஏற்ப அதை அமைத்துக்கொள்ளலாம். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு வியூபைண்டரின் பெரிய பலன் இதுதான். கண்ணோடு வைத்துப் பிடித்தால் கை ஆடாது என்றும் சொல்வார்கள். நண்பகலில் அந்த வாதம் செல்லாது. ஐஎஸ்ஓ 100, எஃப்5.6 வைத்தால் ஷட்டர் வேகம் தானாகவே 1/800 விநாடிக்குப் போய்விடும்; கை ஆடினாலும் தெரியாது.

தனி வியூபைண்டரை ஏன் வேண்டாம் என்கிறேன்? விலைக் கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் மார்க் 2 சுமார் 750 டாலருக்கு வந்தது. அதற்கான வியூபைண்டரின் விலை மட்டும் சுமார் 450 டாலர். அடுத்த ஆண்டே, 2014-இல், வியூபைண்டரை உள்ளேயே வைத்து மார்க் 3-ஐ சோனி 800 டாலருக்குக் கொண்டு வந்தது. நுணுக்கத்தில் தனி வியூபைண்டர்தான் உயர்த்தி: 23.6 லட்சம் புள்ளிகள்; மார்க் 3-இல் 14.4 லட்சம். ஆனால் மடைக் கல்லை ஃபிரேமுக்குள் கொண்டுவர 14.4 லட்சம் தாராளம். மேலும், தனியாக மாட்டுவது கேமராவின் தலையில் துருத்திக்கொண்டு நிற்கும். பாக்கெட்டில் போகாத காம்பேக்ட் கேமராவால் என்ன பயன்? அந்த ஷூவில் வேறு பிளாஷும் மாட்ட முடியாது. மினி பஸ் நெரிசலில் எங்காவது கழன்று விழுந்தால் தேடிப் போவது யார்?

மின்சாரமே வேண்டாத ஆப்டிகல் வியூபைண்டர்களும் உள்ளன. ரிக்கோ ஜிஆர் போன்ற, ஸூம் இல்லாத கேமராக்களுக்கு அவை பொருந்தும். ஸூம் கேமராவில் மாட்டினால் 100 எம்எம்முக்கு ஸூம் செய்த பிறகும் அது பழைய 28 எம்எம் காட்சியையே காட்டிக்கொண்டிருக்கும். கல்லில் உள்ள எழுத்தை அருகில் எடுக்கும்போது வியூபைண்டர் பார்ப்பது ஒரு இடம், லென்ஸ் பார்ப்பது வேறு இடம். போகஸ் எங்கே நின்றது என்பதும் தெரியாது.

ஆகவே மார்க் 2-வை விற்றுவிட்டு, மேலே கொஞ்சம் போட்டு, பழைய மார்க் 3 ஒன்றைத் தேடச் சொல்லியிருக்கிறேன். இதில் அவர் இழப்பது ஒன்று உண்டு. மார்க் 2-இல் 100 எம்எம் வரை ஸூம் கிடைக்கும், மார்க் 3-இல் 70 எம்எம்தான். தண்ணீர் நிற்கும் கண்மாயில் நடுமடையைக் கரையில் நின்றே எடுக்க அந்த 100 எம்எம் வேண்டும் என்கிறார். தண்ணீர் வற்றிய பின் நடந்தே போகலாமே என்றேன். சரி, பார்ப்போம் என்றிருக்கிறார்.

நீங்களும் பழைய கேமரா வாங்குவதாக இருந்தால் கடைக்குள் நின்று பார்க்க வேண்டாம். வாசலுக்கு வந்து, வெயிலில் பாருங்கள். வழக்கமாகப் போடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே வியூபைண்டரில் கண்ணை வையுங்கள். ஃபிரேமின் நான்கு மூலைகளும் தெரிய வேண்டும். டயாப்டர் நெம்புகோல் நகர்கிறதா, வைத்த இடத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். வெயிலில் நின்றிருந்த கண்ணுக்கு முதலில் சில விநாடிகள் உள்ளே மங்கலாகத்தான் தோன்றும். அதை வைத்து கேமரா பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.