படம் தெளிவு; உயிர்?

இருதயத்துக்கு எடுக்கும் ஆஞ்சியோகிராம் தோழர்களுக்குத் தெரியும். மூளைக்கும் அது உண்டு. மண்டையை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு தெரியும். உள்ளே ஓடும் இரத்தக் குழாய் தெரியாது. எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் மருந்தைக் குழாயில் செலுத்தினால், அது கிளை கிளையாகப் படத்தில் விழும். அடைப்பு எங்கே, புடைப்பு எங்கே என்று மருத்துவர் கண்ணால் காணலாம்.

1927-ல் லிஸ்பன் நகரில் இதைச் செய்து காட்டியவர் எகாஸ் மோனிஸ். 1918-ல் போர்ச்சுகலின் வெளிநாட்டு மந்திரியாக இருந்தவர். எளிதில் கிட்டிய வெற்றியா அது? முதலில் ஸ்ட்ரான்ஷியம் புரோமைடு. ஒரு நோயாளி மாண்டார். பிறகு சோடியம் அயோடைடு. படம் கிடைத்தது, வலியும் வலிப்பும் கூடவே வந்தன.

அடுத்து வந்தது தோரோட்ராஸ்ட் என்ற தோரியம் மருந்து. 1931 முதல் மோனிஸும் அதைக் கையாண்டார். ஊசியில் வலியில்லை, படமோ பளிச்! பாராட்டுக்குப் பஞ்சமா? ஆனால் தோரியம் கதிர்வீச்சுப் பொருள். ஈரலிலும் மண்ணீரலிலும் குடியேறினால் வெளியேறாது. 1932-லேயே அமெரிக்க மருத்துவச் சங்கம் எச்சரித்தது. கேட்டார்களா? 1950-கள் வரை பயன்படுத்தினார்கள். ஜப்பானில் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கும் அதே ஊசிதான். இருபது, முப்பது ஆண்டு கழித்துப் பலருக்கு ஈரலில் புற்றுநோய்! மாண்டது யார்? விற்றவனா? இல்லை, நம்பிக் கையை நீட்டியவன்!

"பார்த்தீரா, விஞ்ஞானத்தின் லட்சணத்தை!" என்று பழமைவாதி துள்ளுவான். அவனைக் கேட்கிறோம்: இந்தத் தீங்கை அம்பலப்படுத்தியது மந்திரமா, தாயத்தா? ஜெர்மனி, டென்மார்க், ஜப்பான், போர்ச்சுகல் நாடுகளில் ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கணக்கெடுத்த விஞ்ஞானமே அல்லவா? தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்வது அறிவு. ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதது மூடநம்பிக்கை.

இன்று செலுத்துவது நீரில் கரையும் அயோடின் மருந்து. சிறுநீரகம் நலமாயிருந்தால் ஒரே நாளில் பெரும்பகுதி வெளியேறிவிடும். ஆகவே பயந்து ஓடாதீர்கள். வாய்மூடிப் படுக்கவும் செய்யாதீர்கள். "என்ன மருந்து? என் சிறுநீரகம் தாங்குமா? ஒவ்வாமை வருமா?" என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல, உரிமை.

மருந்து வந்த அன்றே எச்சரிக்கையைக் கேட்டு நிறுத்தும் சட்டமும், ஊசி போட்டவரை ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கும் ஏற்பாடும் அரசின் கடமை. படம் தெளிவாயிருந்தால் போதாது, படத்துக்குரியவன் பிழைத்திருக்கவேண்டும்!