மாவுத் தூக்கை எங்கே வைப்பது?

கடைக்காரத் தம்பி ஒரு மர அலமாரியின் கதவைத் திறந்தார். உள்ளே விளக்கு எரிந்தது, குளிர்காற்று முகத்தில் பட்டது. அப்போதுதான் அது அலமாரி இல்லை, ஃபிரிட்ஜ் என்று புரிந்தது. என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

“இதுதான்” என்றார். விலை 6,800 வெள்ளி. மரக்கதவுக்குத் தனிக் காசு.

கூட வந்திருந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். “தம்பி, இதுல மாவுத் தூக்க எங்க வைக்கிறது?”

எல்லாரும் சிரித்துவிட்டோம். அடுத்த மூன்று வாரம் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் வாங்கியது மறுவிற்பனை வீவக நான்கறை வீடு. சமையலறையை முழுதாக உடைத்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தோம். “ஃபிரிட்ஜ் எதுன்னு சொன்னாத்தான் அலமாரி செய்ய முடியும்” என்று குத்தகையாளர் வாரம் தவறாமல் நினைவூட்டினார். அவர் கேட்டதும் நியாயம்தான். ஃபிரிட்ஜை மாற்றலாம், அதைச் சுற்றி அடித்த அலமாரியை எளிதில் மாற்ற முடியாது.

கணவர் ஆசைப்பட்டது அலமாரிக்குள் மறைந்து நிற்கும் வகை. ஐரோப்பிய அளவில் இதற்கென்று ஒரு குழி உண்டு. அகலம் 56 செ.மீ., உயரம் ஏறத்தாழ 178 செ.மீ. சமையல் மேடையோடு ஒரே கோடாக நிற்கும். கண்ணுக்கு அழகு, சிறிய சமையலறை பெரிதாகத் தெரியும். ஆனால் அந்தக் குழிக்குள் பெட்டியின் தடித்த சுவர்களும் அடங்கவேண்டும். நாங்கள் பார்த்ததில் உள்ளே மிஞ்சியது சுமார் 250 லிட்டர்தான். இருவர் வாழும் வீட்டுக்குப் போதும். எங்கள் வீட்டில் ஐந்து பேர். போதாததற்குத் தீபாவளிக்கு முதல்நாள் ஆட்டுக்கறிச் சட்டி, வெள்ளிக்கிழமைக்குத் தேக்காவில் வாங்கும் மல்லிகை, அம்மா யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கும் நெத்திலிக் கருவாடு.

இன்னொன்றும் யோசித்தேன். பத்து, பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்தப் பெட்டி பழுதானால், அதே குழியில் பொருந்தும் இன்னொன்றைத்தான் தேடவேண்டும். மரக்கதவின் கீலும் அதற்கு ஒத்துவரவேண்டும். அதை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதற்கிடையில் வேறொன்று நடந்தது.

அம்மாவுக்கு நீரிழிவு. இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சில மாதங்களாகச் சர்க்கரை அளவு ஏறிக்கொண்டே வந்தது. சோற்றைக் குறைத்தார், காப்பியில் சீனியை நிறுத்தினார், அப்படியும் இறங்கவில்லை. பலதுறை மருந்தகத்தில் தாதி கேட்டார், “இன்சுலினை எங்கம்மா வைக்கிறீங்க?”

“ஃபிரிட்ஜுலதான். நல்லாக் குளிரட்டும்னு பின்னால, சுவர ஒட்டி வைப்பேன்.”

“அது கட்டியாகியிருக்கா?”

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார், “ரெண்டு மூணு தடவ. வெளிய வச்சு எளகினதும் போட்டுக்குவேன். காசு குடுத்து வாங்குனதாச்சே.”

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்கவேண்டும், ஒருமுறை உறைந்துவிட்டால் இளகினாலும் பயன்படுத்தக் கூடாது என்று தாதி பொறுமையாக விளக்கினார். சர்க்கரை ஏறியதற்கு அது ஒன்றுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் வீடு திரும்பும்வரை பேருந்தில் நான் வாய் திறக்கவில்லை. என் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியவில்லையே!

அதன் பிறகுதான் கடைக்காரத் தம்பியிடம் சரியான கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தேன். அவரும் ஆர்வமாகச் சொன்னார். பனிக்கட்டி படியாத சாதாரணப் பெட்டிகள் பலவற்றில், உறைபெட்டியின் குளிர்காற்றைத்தான் விசிறி கீழறைக்கும் தள்ளிவிடுகிறது. அந்தக் காற்று வரும் துளைக்கு நேர் எதிரே வைத்த பொருள் உறைந்துபோகும். எங்கள் பழைய பெட்டியில் துளை பின்சுவரில்தான் இருந்தது. விலை கூடிய சில பெட்டிகளில் உறைபெட்டிக்கும் கீழறைக்கும் தனித்தனியே குளிரூட்டும் சுருள்கள் உண்டு. இன்னும் உயர்ந்தவற்றில் கம்ப்ரசரே இரண்டு. இரண்டு அறைகளின் காற்றும் கலப்பதில்லை. கீரை சீக்கிரம் வாடாது, ஐஸ் கட்டியில் கருவாட்டு வாசம் வராது, வெப்பநிலையும் அதிகம் ஏறி இறங்காது.

அதுவரை கூடுதல் விலை என்றாலே கண்ணாடிக் கதவு, தொடுதிரை, உருண்டை ஐஸ் என்றுதான் நினைத்திருந்தேன். எங்களுக்குக் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது அந்தச் சீரான குளிர்தான்.

அடுத்த சனிக்கிழமை அம்மா கையில் ஒரு துணிப்பையோடு கிளம்பினார். உள்ளே எவர்சில்வர் மாவுத் தூக்கு. கணவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “அத்தை, கடையில எல்லாரும் பாப்பாங்க.” “பாக்கட்டும் மாப்பிள்ள. துணி வாங்கினா உடுத்திப் பாக்கிறதில்லயா?”

அம்மா ஒவ்வொரு ஃபிரிட்ஜாகத் தூக்கை வைத்து வைத்து எடுத்தார். அதன் உயரம் 24 செ.மீ. பாதிப் பெட்டிகளில் அதற்காக ஒரு கண்ணாடித் தட்டையே கழற்றவேண்டியிருந்தது. சிலவற்றில் காய்கறி இழுப்பறையை எடுக்க அம்மா முட்டி மடக்கி உட்கார வேண்டியிருந்தது, எழ என் தோள் தேவைப்பட்டது. உறைபெட்டி கீழேயும் அன்றாடம் புழங்கும் தட்டுகள் இடுப்புக்கு மேலேயும் இருந்த பெட்டியில்தான் அவர் யார் உதவியும் இல்லாமல் எடுத்து வைத்தார்.

கடைசியில் எங்களுக்கு அமைந்தது மேலே இரட்டைக் கதவு, கீழே உறைபெட்டி, தனித்தனிக் குளிரூட்டல். 3,900 வெள்ளி. அகலம் 80 செ.மீ., கதவோடு ஆழம் 73 செ.மீ.

கணக்கு இப்படி. எங்கள் மேடையின் ஆழம் 60. பெட்டிக்குப் பின்னால் காற்றோட்டத்துக்கு 5 செ.மீ. விட்டால் பெட்டி 18 செ.மீ. முன்னே துருத்தும். எதிர் மேடைக்கு 92 செ.மீ. மிஞ்சும். ஒற்றைக் கதவாக இருந்தால் திறக்கும்போது வழியே அடைபட்டுவிடும். இரட்டைக் கதவில் ஒரு பக்கம் 40தான், ஆள் கடந்து போகலாம். இடப்பக்கம் சுவர். கதவு நேராக 90 பாகை மட்டும் திறந்தால் உள்ளே இருக்கும் இழுப்பறை கதவில் இடிக்கும். அதனால் சுவர்ப்பக்கம் 7 செ.மீ. விட்டோம். இதற்காக, திட்டமிட்டிருந்த 30 செ.மீ. மசாலா அலமாரியைத் தியாகம் செய்தோம்.

கடைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் சில சொல்லவேண்டும். நம் ஊரில் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எரிசக்தி வில்லையில் எத்தனை ‘டிக்’ என்று மட்டும் பார்க்காதீர்கள். கொள்ளளவுக்கு ஏற்பத்தான் அந்த மதிப்பீடு. நான்கு டிக் உள்ள பெரிய பெட்டி, மூன்று டிக் உள்ள சிறிய பெட்டியைவிட அதிக மின்சாரம் இழுக்கலாம். கீழே ஆண்டுக்கு எத்தனை கிலோவாட் மணி என்று எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். ஒரு யூனிட் சுமார் 30 காசு என்று வைத்துக்கொண்டால் 400 யூனிட்டுக்கு ஆண்டுக்கு 120 வெள்ளி. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் பெட்டியானால் பருவநிலை வகையையும் கேளுங்கள். ‘என்’ வகை 32 பாகை வரைக்கும்தான், ‘டி’ வகை 43 பாகை வரை தாங்கும். நம் சமையலறை மத்தியான வேளையில் எவ்வளவு கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வாங்குமுன் மின்தூக்கி, வாசற்கதவு, இரும்புக் கதவு, சமையலறை நுழைவு எல்லாவற்றையும் அளந்துகொள்ளுங்கள். எங்கள் சமையலறை நுழைவு 80 செ.மீ.தான். அட்டைப்பெட்டியைப் பிரித்து, பக்கவாட்டில் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே கொண்டுவந்தார்கள்.

கணவருக்கு இன்னமும் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. விருந்தினர் வந்தால், “மறைச்சு வைக்கிற மாதிரிதான் வாங்குறதா இருந்தோம்” என்று ஆரம்பித்துவிடுவார். நான் குறுக்கிடுவதில்லை. அந்தப் பெட்டி உண்மையிலேயே அழகுதான்.

புதுப் பெட்டி வந்த அன்று, முன்கதவில் எண் 4 என்று காட்டியது. நான் அதை நம்பி விட்டுவிடவில்லை. சில வெள்ளிக்கு ஒரு வெப்பமானி வாங்கி, ஒரு குவளைத் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் ஓர் இரவு வைத்தேன். காலையில் அதுவும் 4 காட்டியது. அந்த இடத்தில், பின்சுவரிலிருந்து தள்ளி, ஒரு சின்ன டப்பாவில் அம்மாவின் இன்சுலின் இருக்கிறது. டப்பாவின் மேல் என் மகள் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: ‘பாட்டி இடம். யாரும் நகர்த்தக் கூடாது.’

பக்கத்திலேயே மாவுத் தூக்கு. தட்டு எதையும் கழற்றவில்லை.