திவால் வரிசையில் தொழிலாளிக்கு எந்த இடம்?

மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்பது தமிழில் ஒரு குடும்பத்தின் மானம் தெருவுக்கு வந்துவிட்டதைக் குறிக்கும் சொல். கடன்பட்ட நெசவாளியும் பெட்டிக்கடைக்காரரும் அதற்கு அஞ்சி இரவோடு இரவாக ஊரைவிட்டு வெளியேறியதுண்டு. பெருமுதலாளிக்கு இந்த அச்சம் கிடையாது. அவரது நிறுவனம் நொடித்தால் அதற்குத் ‘தீர்வு நடைமுறை’ என்று பெயர். அவர் கட்டாமல் விட்ட கடனை வங்கி கைகழுவினால் அதற்கு ‘ஹேர்கட்’ என்று பெயர். முடி வெட்டினால் மீண்டும் வளரும். இந்தப் பணம் வளர்ந்ததாக எந்த வங்கிக் கணக்கிலும் சான்றில்லை.

திவால் சட்டம் வர்க்கச் சார்பற்ற ஒரு கணக்குமுறை என்றே முதலாளித்துவப் பொருளாதார ஏடுகள் எழுதி வருகின்றன. நிறுவனத்தின் சொத்து 10 ரூபாய், கடன் 100 ரூபாய் எனும்போது யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில், யாருக்கு ஒன்றுமே இல்லை என்பதைச் சட்டம்தான் முடிவு செய்கிறது. அந்த வரிசையை எந்தக் கணிதமும் வகுத்துத் தரவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் வர்க்கங்களுக்கு இடையிலான பலாபலமே அதை எழுதியிருக்கிறது.

தாராளமயவாதிகள் முன்மாதிரியாகக் காட்டும் அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளலாம். 1978 திவால் சட்டத்தின் 11ஆம் அத்தியாயம், நொடித்த நிறுவனத்தை அதே நிர்வாகத்தின் கையில் விட்டுவைத்து, கடன்காரர்களை நெருங்கவிடாமல் தடுக்கிறது. 1983இல் கான்டினென்டல் விமான நிறுவனத்தின் தலைவர் ஃபிராங்க் லொரென்சோ இதை வேறொன்றுக்குப் பயன்படுத்தினார். திவால் மனு போட்டு, தொழிற்சங்க ஒப்பந்தங்களைக் கிழித்தெறிந்து, பெரும்பாலோரை வெளியேற்றிவிட்டு, எஞ்சியவர்களை ஏறக்குறையப் பாதி ஊதியத்தில் வேலைக்கு அழைத்தார். திவால் மனு போட்ட முதலாளி கூட்டுபேர ஒப்பந்தத்தை ஒருதலைப்பட்சமாகக் கைவிடலாம் என்று மறு ஆண்டே அந்நாட்டு உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகுதான், நீதிமன்ற அனுமதியின்றி ஒப்பந்தத்தை ரத்து செய்யலாகாது என்ற திருத்தம் வந்தது. 2005இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் ஓய்வூதியத் திட்டங்களைத் திவால் நீதிமன்றத்தின் வழியாகவே அரசுக் காப்புறுதி அமைப்பின் தலையில் கட்டியது. இன்றும் அங்கு மனுவுக்கு முந்தைய 180 நாள் ஊதியத்துக்கு, அதுவும் 17,150 டாலர் உச்சவரம்புக்குள் மட்டுமே முன்னுரிமை உண்டு. அந்த முன்னுரிமையும் பிணையுள்ள கடன்களுக்குப் பின்னால்தான்.

பிரிட்டனில் பி.எச்.எஸ். என்ற பழம்பெரும் கடைத்தொடரை அதன் உரிமையாளர் ஃபிலிப் கிரீன் 2015இல் ஒரே ஒரு பவுண்டுக்கு விற்றார். அடுத்த ஆண்டே அது மூழ்கியது. 11,000 வேலைகள் போயின. ஓய்வூதிய நிதியில் 57 கோடி பவுண்டுப் பள்ளம். மக்களின் கோபம் நாடாளுமன்றம்வரை எட்டிய பின்னரே 2017இல் கிரீன் 36 கோடி பவுண்டு வரை தர இணங்கினார்.

பிரான்ஸின் கதை வேறு. 1973இல் பெசான்சோன் நகரின் லிப் கடிகார ஆலையை முடக்கி ஆட்குறைப்புச் செய்யும் திட்டம் அம்பலமானது. தொழிலாளர்கள் ஆலையைக் கைப்பற்றினர். இருப்பிலிருந்த கைக்கடிகாரங்களைப் பத்திரமான இடங்களுக்கு மாற்றினர். உற்பத்தியைத் தாங்களே நடத்தி, விற்று, தங்களுக்குத் தாங்களே ஊதியம் வழங்கிக்கொண்டனர். காவல்துறை ஆலையை மீட்ட பின்னும் போராட்டம் ஓயவில்லை. செப்டம்பர் இறுதியில் அந்தச் சிறு நகரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அணிவகுத்தனர். அவ்வாண்டு டிசம்பரிலேயே ஊதிய உத்தரவாத நிதிக்கான சட்டம் வந்தது. நிறுவனம் நொடித்தால் ஊதிய பாக்கியை முதலாளிகளின் சந்தாவில் இயங்கும் அந்த நிதி உடனடியாக வழங்கும். பின்னர் தொழிலாளியின் இடத்தில் தான் நின்று நிறுவனத்திடம் வசூலித்துக்கொள்ளும். கடைசி 60 நாள் ஊதியத்துக்கு வங்கிகளையும் முந்திய தனி முன்னுரிமையும் அங்குண்டு. ஆட்சியிலிருந்தது வலதுசாரி அரசு என்பதை மறக்கலாகாது.

ஜெர்மனியிலும் முதலாளிகளிடம் வசூலிக்கும் நிதியிலிருந்து கடைசி மூன்று மாத ஊதியம் தரப்படுகிறது. கடன் வழங்கியோர் குழுவில் தொழிலாளர் பிரதிநிதி இடம்பெற வேண்டும் என்கிறது சட்டம். (அதற்கு முந்தைய பாக்கிக்கு இருந்த முன்னுரிமையை 1999இல் பறித்துக்கொண்டதும் அதே சட்டம்தான்.) மெக்சிகோவில் கடைசி ஓராண்டு ஊதியம் மற்றெல்லாக் கடனுக்கும் முந்தியது என்று அரசியல் சாசனமே கூறுகிறது.

இந்தியத் தொழிலாளியும் ஒருகாலத்தில் இந்த வரிசையில் முன்னேறியவர்தான். நிறுவனத்தைக் கலைக்கும் வழக்கில் தங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்று தேசிய ஜவுளித் தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கில், தொழிலாளர்களுக்கு அவ்வுரிமை உண்டென 1982 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1985இல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டு, தொழிலாளர் பாக்கி பிணையுள்ள வங்கிக் கடனுக்குச் சமமாக வைக்கப்பட்டது.

2016இல் மோடி அரசு கொண்டுவந்த நொடிப்பு மற்றும் திவால் சட்டம், வரிசையில் தொழிலாளியை அதே இடத்தில் வைத்திருப்பதாகக் காட்டிக்கொள்கிறது. 53ஆவது பிரிவு அப்படித்தான் தோற்றமளிக்கிறது. ஆனால் 24 மாத பாக்கிக்கு மட்டும்தான் அந்தச் சமத்துவம். 1985 திருத்தத்தில் இத்தகைய வரம்பு இல்லை. வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடை நிதியும் கலைப்புச் சொத்தில் சேராது என்பது உண்மையே. நிறுவனம் பணிக்கொடைக்கெனத் தனி நிதியே வைக்காமல் விட்டிருந்தால் அதற்காகவும் வழக்காட வேண்டியுள்ளது. தங்கள் பாக்கியை இந்த வரிசைக்கு வெளியே வைக்கக் கோரிய மோசர் பேயர் தொழிலாளர்களின் வழக்கை 2023 மே மாதம் உச்சநீதிமன்றம் நிராகரித்தது. ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரோ பெரும்பாலும் நிறுவனத்தின் பதிவேட்டிலேயே இருப்பதில்லை.

வரிசையைவிட முக்கியமானது, முடிவெடுக்கும் அறையில் யார் அமர்கிறார்கள் என்பது. நிறுவனத்தை யாருக்கு, என்ன விலைக்குக் கொடுப்பது, எத்தனை பேரை வேலையில் வைப்பது என்பதைத் தீர்மானிப்பது நிதிக் கடன் வழங்கியோர் குழு. 66 சதவீத வாக்கு இருந்தால் போதும். தொழிலாளி ‘செயல்பாட்டுக் கடன் வழங்கியவர்’, அவருக்கு வாக்கில்லை. பாக்கி மொத்தக் கடனில் பத்து சதவீதத்தை எட்டினால் ஒரு பிரதிநிதி அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். தொழிற்சங்கமே திவால் மனு தொடுக்கலாம் என்று 2019இல் உச்சநீதிமன்றம் திறந்த கதவையும் ஒன்றிய அரசு அடுத்த ஆண்டே பாதி சாத்திவிட்டது. பெருந்தொற்றைக் காரணம் காட்டி, மனுவுக்கான குறைந்தபட்சக் கடன் தொகை ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. தொற்று போய்விட்டது, ஒரு கோடி நிற்கிறது.

இத்தனைக்கும் அந்த அறைக்குள் மக்கள் பணமாவது காக்கப்படுகிறதா? வீடியோகான் குழுமத்திடம் ஏற்கப்பட்ட கடன் கோரிக்கை ஏறத்தாழ 64,800 கோடி ரூபாய். வேதாந்தா குழும நிறுவனம் தர முன்வந்தது 2,962 கோடி. ஏறக்குறைய எதுவுமே தரப்படவில்லை என்று சொல்லிக்கொண்டே மும்பைத் தீர்ப்பாயம் 2021 ஜூனில் ஒப்புதல் அளித்தது. மேல்முறையீட்டில் அது பின்னர் ரத்தானது என்றாலும், 95 சதவீதத்தை விட்டுக்கொடுக்க வங்கிகள் கூடி வாக்களித்தது நடந்தே முடிந்த செயல். அவற்றுள் முன்வரிசையில் இருந்தவை பொதுத்துறை வங்கிகள். சட்டம் வந்தது முதல் தீர்வு கண்ட வழக்குகளில் திரும்பி வந்த பணம், கோரிக்கையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எஞ்சியது உழைப்பாளி மக்களின் சேமிப்பு.

ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. வாங்க வந்த கூட்டணியின் திட்டத்துக்கு 2021இல் ஒப்புதல் கிடைத்தது. ஊழியர்களின் வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் கொடுத்தாக வேண்டும் என்ற உத்தரவை 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. வந்தவர்கள் உறுதியளித்தபடி பணம் போடவில்லை. 2024 நவம்பரில் அதே நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது. ஊதியம் நின்று ஐந்தரை ஆண்டுகளுக்குப் பின் ஊழியர்கள் மீண்டும் வரிசையின் தொடக்கத்துக்கு வந்து நின்றனர்.

தனிநபர்களின் நிலையோ இதனினும் கேவலம். இங்கிலாந்தில் திவாலான சாமானியர் வழக்கமாக ஓராண்டில் கடனிலிருந்து விடுபடுகிறார். இந்தியாவில் 2016 சட்டத்தின் தனிநபர் பகுதி, நிறுவனங்களுக்கு உத்தரவாதம் அளித்தவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்திருக்கிறது. விவசாயிக்கும் நெசவாளிக்கும் நுண்கடன் குழுவில் சிக்கிய பெண்ணுக்கும் பிரிட்டிஷார் 1909இலும் 1920இலும் விட்டுச்சென்ற சட்டங்களே இன்னும் கதி. அவர் வீட்டு வாசலில் வசூல்காரர் நிற்கிறார். ‘ஹேர்கட்’ பற்றிப் பேச எந்தக் குழுவும் கூடுவதில்லை.

முதலாளிகளின் சந்தாவில் இயங்கும் ஊதிய உத்தரவாத நிதி, கடன் வழங்கியோர் குழுவில் வாக்குரிமையுடன் தொழிலாளர் பிரதிநிதி, 24 மாத வரம்பு நீக்கம், முதலாளி நொடிக்கும்போது தொழிலாளர் பாக்கியைப் பாதுகாக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1992ஆம் ஆண்டு 173ஆவது உடன்படிக்கையை இந்தியா ஏற்பது ஆகியவை நாடாளுமன்றத்திலும் ஆலை வாயிலிலும் ஒருசேர எழுப்பப்பட வேண்டிய கோரிக்கைகள். அதுவரை, திவால் நடைமுறைக்குள் இழுக்கப்படும் ஒவ்வொரு ஆலையிலும் அறிவிப்பு வந்த அன்றே சங்கம் கிளைக்கூட்டத்தைக் கூட்ட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட ஒவ்வொருவரின் ஊதியச் சீட்டையும் வருகைப் பதிவையும் திரட்டி, தீர்வு அலுவலரிடம் கூட்டுக் கோரிக்கை மனுவைக் குறித்த கெடுவுக்குள் பதிய வேண்டும். கெடு தப்பிய பாக்கி தீர்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் வந்ததும் சட்டப்படி அழிந்துபோகிறது.